நுண்ணோக்கியில் இம்சூனைப் பார்க்கப் போனது

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஜொன்ஜுவிலிருந்து பான்சொக் எழுதுகிறேன். நான் நலம். யோசுவில் நீங்களும் அண்ணனும் நலமென்றும், இந்த வருடம் நெத்திலி நன்றாகக் கிடைக்கிறதென்றும் நம்புகிறேன்.

விஷயம் உங்கள் தங்கையை, என் இம்சூனைப் பற்றியது. அறுவை சிகிச்சையில் எடுத்த மார்புக் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அவள் போய் இரண்டு வருடம் கழித்து, அப்படிக் கொடுத்தவர்களின் குடும்பங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு போட்டேன், பித்தான் மாட்டவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே பஸ்ஸேறிப் போனேன். அங்கே சேரின் என்றொரு ஆராய்ச்சிப் பெண், கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது, சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு, யாருக்கு எவ்வளவு என்று தெரிந்தால் யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று ஒருநாள் சொல்லிவிடலாம், அதற்காகத்தான் சாயமேற்றிப் பார்க்கிறோம், பழுப்பாகத் தெரிவதுதான் அது என்றாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"இதுல எங்க வீட்டுக்காரி எதும்மா?"

"எல்லாம் நம்பர்தான் ஐயா. பேரு எங்களுக்கே தெரியாது."

அவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவனுக்குமா தெரியாது? வரிசையில் நின்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. அவளேதான் என்று பட்டது அண்ணி. "ஏன்டி, குளிருதா? உன் கிம்ச்சி ஊறுகாய்ப் பக்குவம் எனக்கு வரவே மாட்டேங்குது, மூணு ஜாடி குப்பைக்குப் போச்சு. கட்டில்ல உன் பக்கம் நான் இன்னும் படுக்கல" என்று வாய்விட்டே பேசிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். சேரின் மட்டும் மெல்லத் தோளைத் தொட்டாள்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. அது யாரோ ஒருத்தரோட தொண்டைச் சதை. சாயம் சரியாப் பிடிக்குதான்னு பார்க்க வச்சிருக்கோம்."

அழுதவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன். வீட்டில் சொல்லிச் சிரிக்க ஆளில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு என்னைத் தொண்டைச் சதை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டிருப்பாள்.

ஆகவே அண்ணி, தீர்மானித்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. போனவள் போனவள்தான். மனம் தெளிந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.

அண்ணனின் முழங்கால் சீக்கிரம் தேறட்டும். உங்கள் வலையில் கடல் குறை வைக்காமல் இருக்கட்டும்.

வணக்கத்துடன்,
தாக் பான்சொக்

பி.கு.: அந்தப் பல்கலைக்கழகத்து மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ள ஆள் வேண்டுமென்றார்கள். போன வியாழக்கிழமை முதல் போகிறேன். எக்ஸ்ரே அறைக்குக் குறுக்குவழி உண்டு, நான் ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அந்தக் கதவருகே வந்தால் வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது. நேற்று நாற்காலியில் இருந்த பெரியவர், "இங்க யாருப்பா இருக்காங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரிங்க, உள்ள வேலையா இருக்கா" என்றேன்.