கடல், மலை, இரண்டு குடங்கள்

இந்த ஆகஸ்டும் கடற்கரைக்குத்தான் என்று காஸ்பரே தன் கடையின் நான்கு கண்ணாடிகள் முன்பும் நின்று நான்கு முறை சபதம் செய்தான். பினெரோலோவில் முடிதிருத்தும் அவனுக்கு வருஷத்தில் பதினைந்து நாள்தான் கடையடைப்பு. வராட்ஸே கடற்கரையில் ஐந்தாம் வரிசைக் குடையின் கீழ் ஆரம்பித்தவன், பத்தொன்பது கோடைகளாக ஒவ்வொரு வரிசையாக முன்னேறியிருந்தான். முதல் வரிசைக் கிழவர் ஒருவர் காலமான புண்ணியத்தில், இந்த முறை அலைக்கு நேரெதிரே குடை. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் போன் செய்து உறுதி சொல்லவேண்டும். தவறினால் குடை ஒரு மிலான் பல் மருத்துவருக்குப் போய்விடும்.

அவன் மனைவி இர்மாவோ, "மலைக்குப் போகணும்" என்றாள்.

அவள் பக்கத்தையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்? பத்தொன்பது கோடையும் அவளுக்குக் கடல் என்றால் வாடகை வீட்டு அடுப்படி. அவன் அலை எண்ணுவான், அவள் மீன் பொரிப்பாள். வேறு ஊர் அடுப்பில் சமைத்தால் அதற்குப் பெயர் விடுமுறையா? கேட்டால், "ஜன்னல்லேருந்து கடல் தெரியுதே!" என்பான். தெரியும்தான். குளியலறை ஜன்னலில், ஸ்டூல் போட்டு ஏறினால்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை.

"சண்டை வேண்டாம். சீட்டு சொல்றபடி செய்வோம்" என்றாள் இர்மா. அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் அடுப்படி மேசையில் டாரட் படச் சீட்டு பார்த்துக் குறி சொல்பவள் அவள். அதே சீட்டுக்கட்டை வைத்துத்தான் காஸ்பரே முப்பது வருஷமாக மதுக்கடையில் ஆடுகிறான். அவனுக்கு அந்தப் படங்கள் வெறும் துருப்புச் சீட்டுகள்.

அவள் காபிக் கோப்பை கழுவத் திரும்பியதும், தண்ணீர் உள்ள சீட்டைத் தேடினான். நட்சத்திரச் சீட்டில் ஆற்றங்கரையில் ஒரு பெண் இருந்தாள், உடம்பில் நூலிழை இல்லை. வம்பு. நிலாச் சீட்டில் குளம், நண்டு, ஊளையிடும் இரண்டு நாய்கள். அபசகுனம். பதினாலாவது, நிதானம்: ஒரு தேவதை குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. முழு உடையோடு. அதை மேலே வைத்தான். இர்மா குலுக்காமல், "வெட்டு" என்று நீட்ட, முப்பது வருஷ அனுபவத்தில் வெட்டுவதுபோல் வெட்டாமல் வைத்தான்.

அவள் புரட்டினாள். நிதானம்.

"தண்ணி! கடல்! நான் போன் பண்றேன்!"

"உட்காரு. எந்தக் குடத்துல தண்ணி?"

"ரெண்டுலயும்."

"ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல ஒயின். காரத்தைத் தணிக்கத் தண்ணி கலக்குது. சரி, எதுலேருந்து எதுக்கு ஊத்துது?"

காஸ்பரே பார்த்தான். மேல் குடத்திலிருந்து கீழுக்கா? தாரை சாய்ந்தல்லவா போகிறது! தலையைச் சாய்த்தான். இப்போது கீழிருந்து மேலே போனது.

"இதுலேருந்து... இல்ல, அதுலேருந்து..."

"றெக்கை இருக்கே, ஏன் பறக்கல?"

"கால் வலியோ என்னவோ!"

"மேலேயும் போகல, கீழேயும் விழல. நடுவுல நிக்குது. அது என்ன சொல்லுது? ஒருத்தர் ஜெயிக்காதீங்க, கலந்துக்கோங்கன்னு. ஒரு குடத்துல உன் கடல். இன்னொண்ணுல என் மலை. கலந்தா என்ன வரும்?"

"சேறு."

"யோசிச்சுச் சொல்லு. சுத்தி மலை. நடுவுல தண்ணி."

காஸ்பரேவுக்கு மண்டைக்குள் யாரோ நுரை போட்டுக் குழைப்பதுபோல் இருந்தது. "ஏ... ஏரியா?"

"நீயே சொல்லிட்ட! நான் வாயைத் திறக்கல. ஓர்த்தா ஏரி. என் தங்கச்சி ப்ரூனா வீடு கரையிலேயே இருக்கு."

"அங்கயா? அவ புருஷன்ல சமைப்பான்! வந்த ஆம்பளைங்களையும் வெங்காயம் உரிக்க விடுவானே!"

"உரிச்சா என்ன? நிதானமா உரி."

ஏதோ தப்பு நடந்திருக்கிறது. ஆனால் எங்கே? சீட்டு அவன் வைத்தது. ஏரி அவன் சொன்னது. தோற்றவனும் அவனேதான். மூன்றும் எப்படி ஒரே ஆளாக முடியும் என்று விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தபோது, தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது. வராட்ஸேயில் ஒரு பல் மருத்துவர் காலை நீட்டியிருப்பார்.

போகட்டும், மலைக்கு இழுத்துப் போகாமல் தடுத்தோமே, பாதி வெற்றி நமக்கு என்று அவன் மனதைத் தேற்றிக்கொள்ளும்போது, கூடத்திலிருந்து இர்மாவின் போன் பேச்சு கேட்டது.

"ஆமா ப்ரூனா, வர்றோம்... மலையா? யாருக்குடி வேணும் மலை! நேரா ஏரின்னு கேட்டிருந்தா, அதுலயும் பாதிக்குப் பேரம் பேசி, இந்த மனுஷன் ஏதாவது குட்டையில இறக்கிவிட்டிருப்பாரு."