கடைசிப் பெயருக்கு ஒரு பக்கம்

அன்பையும் அறிவையும் ஒரே அச்சில் வார்த்தெடுத்த என் அக்காள் மகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், என் வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. மற்றபடி நலம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். எங்கள் நாற்சந்தியில் நிற்கும் போர் நினைவுத் தூணில் ஏழு சிப்பாய்களின் பெயர் இருக்கிறது, ஆளுக்கு ஒரு பக்கம் வீதம் சின்னப் புத்தகம் போடும் வேலையை நூலகத்தில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், மாமா நீங்கள்தான் அங்கே விசாரித்துச் சொல்ல வேண்டும் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அப்போதே நான் சொன்னேன், செத்தவர்களைத் தேடிப் போனால் உயிரோடு இருப்பவர்கள்தான் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று. 'ஆகட்டும்மா, ரெண்டே நாள்ல முடிச்சுத் தர்றேன்' என்றுதான் மாமா சொன்னார் என்று நீ சாதிப்பாய். அது வாயால் சொன்னது. இது மனசுக்குள் சொன்னது. எது முக்கியம் என்று படித்தவள் நீயே யோசித்துக்கொள்.

இப்போது நீ எழுதியிருக்கிறாய், ஆறு பக்கம் தயார், ஏழாவது சிப்பாயைப் பற்றி மாமா சொல்வதற்கு ஆதாரம் இல்லை, எனவே பெயரை மட்டும் போட்டு மீதிப் பக்கத்தை வெறுமையாக விடப் போகிறோம் என்று. அதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த ஒரு பக்கத்துக்காக நான் பட்ட பாட்டை முழுக்கக் கேள். கேட்டுவிட்டு அப்புறம் வெறுமையாக விடு பார்க்கலாம்.

ஆராய்ச்சி என்றால் முதலில் மூலத்தைப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான், ஒரே வருடத்தில் தாண்டி ஓடியவர்களுக்கு அந்த ஆழம் வராது. தூணைப் போய்ப் பார்த்தால் காக்கை எச்சமும் கிழிந்த சுவரொட்டியும்தான் தெரிகிறது, பெயரே தெரியவில்லை. உன் அத்தை குளியலறை கழுவுவதற்கு வைத்திருந்த ஆசிட்டையும் கம்பி பிரஷ்ஷையும் அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போய், ஏறி நின்று, தேய்த்தேன். நான் தேய்த்த தேய்ப்பில் கல் பல் மாதிரி வெளுத்தது. என்ன, எழுத்துக்குள் பூசியிருந்த கறுப்புப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. வெள்ளைக் கல்லில் வெள்ளைக் குழி. போக்குவரத்துப் போலீஸ்காரர் சாலைக்கு நடுவிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"சரித்திரத்தைச் சுத்தம் பண்றேன்."

அண்ணாந்து பார்த்தார். "சரித்திரத்தையே காணோமே சார்."

அவருக்குப் பதில் சொல்லத் திரும்பினேன், ஸ்டூலின் ஒரு கால் மடங்கியது, அதோடு என் காலும். மறுநாள் போர்டு எழுதும் பெயிண்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்து பெயர்களுக்கு மறுபடியும் கறுப்பு அடிக்கவைத்தேன். அன்றைக்கென்று பார்த்து முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் நான் ஒரு காகிதம் ஒட்டியிருந்தேன், தூணில் உள்ள சிப்பாய்களின் உறவினர்கள் என்னை வீட்டில் வந்து பார்க்கவும் என்று. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் முடிவெட்டிக்கொண்டவன் காகிதத்தைப் படித்துவிட்டு வெளியே வருகிறான், எதிரே தூணில் பெயிண்டர் ஏணி போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான், தூணில் புதுப் பெயர் சேர்க்கிறார்கள், என்னைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வரிசை.

மில் வாட்ச்மேன் வந்து, "எங்க அப்பா பேரையும் சேர்த்துடுங்க" என்றார்.

"அவர் போருக்குப் போனாரா?"

"போகல. ஆனா கூப்பிட்டா போகத் தயாரா இருந்தாரு. பூட்ஸ்கூட வாங்கி வச்சிருந்தாரு."

அவருக்குப் பின்னால் மாவு மெஷின்காரர் மனைவி, மாமனார் பேரைச் சேர்க்க வேண்டுமாம். எந்தப் போரில் இறந்தார் என்று கேட்டேன். "இன்னும் இல்லைங்க, உள்ள டிவி பார்த்துட்டிருக்காரு. இப்பவே எடம் பிடிச்சு வச்சுட்டா நல்லதுன்னுதான்" என்றாள். இவர்களுக்கெல்லாம் டீ போட்ட பிறகுதான் உன் அத்தை பேசுவதை நிறுத்தினாள். ஆனாலும் மருமகளே, அந்தக் கூட்டத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு நிஜமான ஆறு குடும்பமும் வந்து சேர்ந்தது. அவர்கள் சொன்னதைத்தான் நான் உனக்கு அனுப்பினேன். ஒருவர் சிறுத்தையை வெறுங்கையால் மடக்கினார் என்று நான் எழுதியதை நீ அடித்துவிட்டாய். போகட்டும், சிறுத்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஏழாவது பெயருக்கு மட்டும் யாரும் வரவில்லை. முடிவெட்டுகிறவர்தான் காதோரம் கத்தரியை நிறுத்தி மெதுவாகச் சொன்னார், "அவரோட தம்பி இருக்காரே, கடைத்தெரு கண்ணாடிக் கடைக்காரர். ஆனா அவர்கிட்ட அந்தப் பேச்சை எடுத்துடாதீங்க. அந்தத் தூண் கண்ணுல படக் கூடாதுன்னு இத்தனை வருஷமா சந்து வழியா சுத்தித்தான் கடைக்குப் போறாரு." எடுக்காதே என்றால் எடுக்காமல் இருப்பதற்கு நான் என்ன உன் அப்பாவா?

போனேன். மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, அளவுக்கோலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் கோடு போட்டு, விளிம்பில் தட்டுகிறார். 'டக்' என்று நூல் பிடித்த மாதிரி உடைகிறது. "அண்ணே, உங்க அண்ணனைப் பத்தி ஒரு பக்கம்..." என்று ஆரம்பித்தேன். "என்ன அளவு வேணும்?" என்றார். ஒன்றும் வாங்காமல் திரும்புவது எப்படி, முகம் பார்க்க ஒரு கண்ணாடி வாங்கினேன். மறுநாளும் போனேன், மறுநாளும் "என்ன அளவு வேணும்?" என்றார். இப்படியாகச் சமையலறை உட்பட எல்லா இடத்திலும் மாட்டியாகிவிட்டது. நடுக்கூடத்தில் நின்றால் நாலு மாமா தெரிகிறேன். ஒருவனையே தாங்க முடியவில்லை என்பதை உன் அத்தை வாயைத் திறக்காமலே முகத்தில் காட்டிவிட்டாள்.

கடைசியாக ஒருநாள் அவரே, கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்காமல், சொன்னார். அவர் சொன்னதை மட்டும் நான் ஒரு எழுத்துக்கூட அலங்கரிக்காமல் எழுதுகிறேன்.

"சைக்கிளை எனக்குத் தர்றேன்னு சொல்லிட்டு, கிளம்பறதுக்கு மொத நாள் அவன் சிநேகிதனுக்குக் கொடுத்துட்டான் சார். அந்தக் கோவத்துல நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டேன். விடியக்காலை வந்து கதவைத் தட்டுறான். டேய், போயிட்டு வர்றேன்டா, மூஞ்சியைக் காட்டுடாங்கறான். நான் தூங்கற மாதிரி கிடந்துட்டேன். கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் செருப்புச் சத்தம். அவ்வளவுதான்."

"சின்ன வயசு அண்ணே. அதெல்லாம் ஒரு..."

"உங்க புத்தகம் எனக்கு எதுக்கு சார். அதை மனசுல வச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தானா, இல்ல விட்டுட்டானா. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

இதைக் கேட்டபிறகு சும்மா இருந்தால் நான் மனுஷனா? ஆறு குடும்பத்தில் ஒருவர், அந்த அண்ணன் இருந்த படையில் சமைத்துப் போட்ட சமையல்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று துப்புக் கொடுத்தார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனேன். துணி இஸ்திரி போடும் கடைக்குப் பின்னால் ஒரு அறை, மகள் வீடு, கட்டிலில் சமையல்காரர். நான் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவனா? சாப்பாட்டுத் தட்டோட வந்து உட்கார்ந்தா தம்பி பேச்சுதான். கிளம்பறப்போ தூங்கிட்டிருந்தான், எழுப்ப மனசு வரலைம்பான். சைக்கிளுக்காகக் கோவமா இருப்பான், திரும்பிப் போனதும் ஒண்ணு வாங்கித் தந்துடணும்பான். இதைச் சொல்லாம அவன் ஒரு வாய் சோறு தின்னதில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைத்தான் நான் உனக்கு எழுதினேன்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் வந்து இதைச் சொன்னேன். கையில் இருந்த கண்ணாடி கோணலாக உடைந்தது. மறுநாள் காலை சந்து வழியாகப் போகாமல் நாற்சந்திக்கு நேராக நடந்து வந்து, தூணுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் என்று போக்குவரத்துப் போலீஸ்காரரே வந்து என்னிடம் சொன்னார். அதோடு விட்டாரா, உன் புத்தகத்தின் அளவை என்னிடம் கேட்டு, மரச்சட்டம் இழைத்து, கண்ணாடி வெட்டிப் பொருத்தி, உள்ளே காகிதமே இல்லாமல் கடைச் சுவரில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் "அண்ணன் பக்கம் வரப்போகுது" என்கிறார்.

இந்த நேரத்தில் உன் பதில் வருகிறது. சமையல்காரரின் கையெழுத்து இல்லாமல் அந்த வாக்கியத்தை அச்சிட முடியாது என்று. அம்மா தாயே, நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அங்கே கண்ணாடி அல்லவா மாட்டியிருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரரிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். சரி என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், "பஸ் ஏறிப் போனாரே, யாரோ பழைய சமையல்காரராம்" என்கிறார். அன்று முழுக்க நொண்டிக்கொண்டு நாலு தரம் போய் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் ஆவல்தான். அடுத்த நாள் போனேன். தலை குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன்."

"என்ன... என்ன சொன்னாரு?"

"நீங்க சொன்னதேதான். ஒரு வார்த்தை மாறல."

"கையெழுத்து?"

"அவருக்குக் கை நடுங்குது. நான் போடறேன், என் பேர்ல. உங்க அக்கா பொண்ணுகிட்டச் சொல்லுங்க." விளிம்பைத் தட்டி உடைத்துவிட்டு, "இனிமே அவரைப் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க சார். வயசாயிடுச்சு" என்றார்.

ஆகவே மருமகளே, சாட்சி இப்போது ஒன்றுக்கு இரண்டு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் உன் நூலகத்துக்கு? அந்தப் பக்கத்தை நிரப்பு. வெறும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கடையில் உட்கார என்னால் முடியவில்லை, இன்னொரு கண்ணாடி மாட்ட இங்கே சுவரும் இல்லை. உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சண்டை போட்டு, அன்றைக்கன்றே சமாதானம் ஆகட்டும். உங்களில் யார் பெயரும் எந்தத் தூணிலும் ஏறாமல் நூறு வயது இருக்கும்படி வாழ்த்தும்,

உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் திரும்ப எடுத்து எழுதுகிறேன். சமையல்காரர் இருப்பது நிஜம். மூன்று பஸ் மாறியதும் நிஜம். ஆனால் அவருக்கு யாரையும் நினைவில்லை. என்னை அரிசி கொண்டுவந்தவன் என்று நினைத்து, மூட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போ என்றார். பெற்ற மகளையே யாரம்மா நீ என்று கேட்கிறார். எழுப்ப மனசு வரவில்லை என்பதும், வாங்கித் தர வேண்டும் என்பதும் திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கட்டியது. அப்படியானால் கண்ணாடிக் கடைக்காரர் அங்கே போய் எதைக் கேட்டுவிட்டு வந்தார்? இத்தனை பேசுகிற வாய் எனக்கு, அவரிடம் அதைக் கேட்க மட்டும் வரவில்லை. நீயும் கேட்காதே. நேற்று அவரே, அண்ணன் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க சார் என்றார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒண்ணை விட்டுட்டீங்க. சிவப்பு சைக்கிள்னு சொன்னான்" என்றார். நான் எந்த நிறமும் சொன்னதில்லை. அச்சிடுவதானால் சிவப்பு என்றே போடு.