சிறுகோளிலிருந்து எங்கள் உப்பளம் காப்பாற்றப்பட்ட வரலாறு

உலக வரலாற்றில் ஒரு சிறுகோளின் தாக்குதலிலிருந்து முழுமையாகக் காப்பாற்றப்பட்ட ஒரே உப்பளம் எங்களுடையதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, அறிக்கையில் இருக்கிறது.

யுத்தம் முடிந்து ஐந்தாவது வருடம். எங்கள் அனர்த்த முன்னாயத்தக் குழுவுக்குப் பெரும் நெருக்கடி. ஆண்டு முடியுமுன் ஒரு ஒத்திகை நடத்தியாக வேண்டும்; அனர்த்தம்தான் கிடைக்கவில்லை. சுனாமியை ஆலங்குடாக்காரர் எடுத்துவிட்டார்கள். வெள்ளம் வேறொரு குழுவுக்குப் போய்விட்டது. அப்போதுதான் இணைப்பாளர் ஸப்வான் சேர் பத்திரிகையில் ஒரு சிறுகோளைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள கல் பட்டையின் வெளி ஓரத்தில், பூமிப் பக்கம் திரும்பியும் பாராமல் அது சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்காத அனர்த்தம்.

குழுவில் நான் "தொழிலாளர் பிரதிநிதி". கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவது என் பொறுப்பு. அந்தத் தகுதியில், கல் இந்தப் பக்கம் வருமா என்று கேட்டேன். வராததுதான் அதன் சிறப்பு, வருகிற கல்லென்றால் ஒத்திகைக்கு நேரமிருக்காதே என்று சேர் விளக்கினார். நான் கதிரை அடுக்கப் போனேன்.

உப்பளத்தில் அறிவிக்கப் போனோம். செப்டெம்பர் முடிகிற நேரம். வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன் கிடுகு போட்டு மூடும் அவசரம். உம்மு குல்தூம் ராத்தா தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்டபோது வந்தவ. மூன்று மாதம் வெயிலில் நின்று வாரிய உப்பு அவவின் பாத்தியோரம் ஆளுயரத்துக்குக் கிடந்தது. மறுநாள் காலை மூடுவதாக இருந்தா. மறுநாள் காலைதான் ஒத்திகை. வராதவர்களின் பாத்தி அனுமதி புதுப்பிக்கப்படாது என்று "அன்பாக" வேண்டிக்கொண்டோம்.

வெளியேறுவது எப்படி என்று சேர் ராத்தாவுக்குப் படிப்பித்தார். முக்கிய ஆவணங்களை மட்டும் எடுக்க வேண்டும். பதறக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது.

"எவ்வளவு நேரம் தருவீங்க?" என்று ராத்தா கேட்டா. "அப்ப எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க."

"பதினஞ்சு நிமிஷம்."

"நாடு முன்னேறிட்டுது."

சேர் அதைக் குறித்துக்கொண்டார்.

காலை எட்டு மணிக்குச் சைரன் ஊதியது. எழுபத்தொரு பேர் பாடசாலை மண்டபத்துக்கு வெற்றிகரமாக வெளியேற்றப்பட்டோம். பிரதம அதிதி வந்து ஆபத்து நீங்கியதாக அறிவிக்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. அவரோ தலவிலப் பக்கம் ஒரு கட்டடம் திறந்துகொண்டிருந்தார். பத்து மணிக்குக் களப்புத் தண்ணீருக்கு மேலே வானம் கறுத்தது.

ராத்தா எழும்பினா. "சேர், மழ வரப்போகுது. என்ட உப்பு தொறந்து கெடக்கு. அர மணித்தியாலம் விடுங்க, மூடிட்டு ஓடி வாறன்."

"கல் இன்னும் போகல்ல, ராத்தா."

"அது இன்னும் வரவே இல்லயே."

"அதனாலதான் போகல்ல."

வாசலில் காவல் நின்றது நான். ராத்தா என் முகத்தைப் பார்த்தா. நான் குழுவின் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். கடமை என்றால் அப்படித்தான்.

மழை ஒன்றரை மணித்தியாலம் கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த சத்தம் ஒத்திகைக்கு உயிரூட்டியதாகச் சேருக்கு மகிழ்ச்சி. பிரதம அதிதி வந்து ஆபத்தை நீக்கிய பிறகு போய்ப் பார்த்தோம். ஆளுயரக் குவியல் முழங்காலளவு சேறாகக் கிடந்தது.

ராத்தா நட்டஈடு கேட்டா. குழு கூடி ஆழமாக ஆராய்ந்தது. மழையால் கரைந்ததென்றால், மூடாமல் விட்டது அவவின் கவனயீனம். சிறுகோளால் என்றால், அது விழவில்லை. ஒத்திகையால் சேதம் வருமென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

அடுத்த மாத முடிவில் பாராட்டுக் கூட்டம். உயிர்ச்சேதம் இல்லை, சொத்துச்சேதம் இல்லை என்று வாசித்து சேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "பயனடைந்தோர்" சார்பில் பேச ராத்தாவை அழைத்தார்கள். ராத்தா ஒலிவாங்கியைப் பிடித்தா.

"அடுத்த தரம் அந்தக் கல்லு வந்தா, சேர், எங்கள அதுக்கிட்டயே விட்டுடுங்க. அது விழுந்தாலும் ஒரு ஓரத்துலதான் விழும், மிச்ச உப்பாவது தப்பும்."