சுற்றறிக்கையில் பழகிய நாய்க்குட்டி

ஒரு காட்டில் குடிதண்ணீர் வசதி இல்லை, நடக்கப் பாதை இல்லை. ஆனால் குகைவாசிகள் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது.

அங்கே ஏழாம் எண் குகையில் தாண்டவராயன் என்ற கரடி குடியிருந்தது. மனைவி போன பிறகு அதற்குப் பேச்சுத்துணை கிடையாது. ஊர் எல்லையில் யாரோ விட்டுப்போன நாய்க்குட்டி ஒன்றை ஒருநாள் தூக்கிவந்து, பூந்தி என்று பெயர் வைத்தது. பூந்தி வந்த அன்றே நான்கு மூலையையும் நனைத்துத் தன் குடியேற்றத்தை உறுதிசெய்தது.

மறுநாளே சங்கச் செயலாளர் நரி கக்கத்தில் கோப்போடு வந்து நின்றது.

"என்னய்யா, வாசல் வரைக்கும் வாடை வருது? பதினாலாம் விதி தெரியுமில்ல? குகைத் தரையை நனைக்கிற பிராணிக்கு இங்க இடம் கிடையாது. பத்து நாள் டைம். அப்புறமும் நனைஞ்சா குட்டியை எடுத்த இடத்துலயே விட்டுடணும்."

குட்டி இல்லாத குகையைத் தாண்டவராயனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நாலு பேரிடம் விசாரித்தது. தரையில் காகிதத்தை விரி, அதில் போனால் பிஸ்கட் கொடு, பழகிவிடும் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் காட்டுக்குச் செய்தித்தாள் வருவதில்லை. கிடைத்த ஒரே காகிதம் சங்கத்தின் சுற்றறிக்கை. அது மட்டும் தினம் நாலு வரும். சத்தமாகக் கொட்டாவி விடக் கூடாது என்று ஒன்று வரும். முந்தைய சுற்றறிக்கையைப் படித்தேன் என்று கையெழுத்திட்டு அனுப்பவும் என்று இன்னொன்று வரும்.

தாண்டவராயன் அவற்றைத் தடிமனாக அடுக்கி விரித்தது. ஐந்தே நாளில் பூந்தி தேறிவிட்டது. சங்க முத்திரை கண்ணில் பட்டால் போதும், ஓடிப்போய் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டு வாலை ஆட்டும். சுற்றறிக்கையை அவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்த குடியிருப்பாளர் அதற்கு முன் யாருமில்லை.

பத்தாம் நாள் நரி சோதனைக்கு வந்தது. தரையைத் தடவியது, முகர்ந்தது. எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. நரிக்கு முகம் தொங்கிவிட்டது. வெளியேற்ற உத்தரவை அது முந்தின நாளே எழுதி முத்திரை குத்தி வைத்திருந்தது.

"எழுதினதை வீணாக்க முடியுமா? கையெழுத்துப் போடுங்க" என்று தரையில் கிடந்த சுற்றறிக்கை அடுக்கின் மேல் உத்தரவை விரித்தது.

"தரைதான் காஞ்சிருக்கே ஐயா!"

"அதை மேல்முறையீட்டுல சொல்லிக்குங்க."

தாண்டவராயன் பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தது. அது கையெழுத்துப் போடுவதற்குள் பூந்தி பாய்ந்து வந்து உத்தரவின் நடுவில் உட்கார்ந்தது. ஒரு எழுத்து மிச்சமில்லை.

"உத்தரவு மேலேயேவா!" என்று நரி ஊளையிட்டது.

தாண்டவராயன் காகித அடுக்கைத் தூக்கிக் காட்டியது. "அடியில பாருங்க ஐயா. தரை நனையல."

நரி விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டியது. தரை என்றுதான் இருந்தது. காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புது உத்தரவு போடலாமென்றால் பழைய அசலை இணைக்க வேண்டும். அந்த அசலை அலுவலகத்தில் யார் கையால் தொடுவார்கள்? நரி அதை நுனியில் பிடித்துக்கொண்டு, மூக்கைத் திருப்பியபடி நடையைக் கட்டியது. தாண்டவராயன் குட்டியைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

மறுநாள் காலை ஏழாம் எண் குகை வாசலில் நீண்ட வரிசை. முதலில் நின்றது முள்ளம்பன்றி. மூன்று நாளில் முட்களை அகற்றவும் என்று அதற்கு நோட்டீஸ் வந்திருந்தது.

"அண்ணே, குட்டியை அரை மணி நேரம் அனுப்பி வைங்களேன். தண்ணி நாங்களே குடிக்கக் கொடுத்துடறோம்."

நீதி: சட்டத்தை ஒருபோதும் மீறாமல், அதன்மேல் சிறுநீர் கழிக்கக் கற்றுக்கொடுப்பதே நல்ல வளர்ப்பு.