கிழங்குக் கம்பெனியின் அடையாளம்

"அந்த மனுஷன் கையில என் கம்பெனி அடையாளத்தைக் கொடுக்கிறதுக்கு, கடையை இழுத்து மூடிட்டுப் போயிடலாம்" என்றாள் ஹில்லெகா.

அந்த மனுஷன் அவளுடைய முன்னாள் கணவன். அவளது டூலிப் கிழங்குக் கம்பெனியின் இணையதளப் பெயர் இன்னமும் அவன் வசம்தான் இருந்தது. விவாகரத்தில் படகையும் நாயையும் பங்கு பிரித்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

அவளிடம் வேலை பார்க்கும் யெல்லெவுக்குத் தலை சுற்றியது. எல்லைக்கு அப்பால் ஒரு ஜெர்மன் நகராட்சி பூங்காக்களுக்குக் கிழங்கு வாங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் டிஜிட்டல் அடையாளத்தோடு விலையை அனுப்ப வேண்டும். அரசாங்கம் கொடுக்கிற அடையாளம் அல்ல. இணையதளப் பெயரை வைத்தோ வேறு வழியிலோ நமக்கு நாமே உண்டாக்கிக்கொள்வது. எந்த வழியில் என்று தேர்ந்தெடுப்பது யெல்லெவின் பொறுப்பு. ஆர்டர் போனால் அவன் வேலையும் போகும் என்று ஹில்லெகா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"சரி, இணையதளம் வேணாம். பிளாக்செயின்ல, அதான் அந்தப் பொதுக் கம்ப்யூட்டர் கணக்கேட்டுல, பதிஞ்சிடலாம். யாராலயும் பிடுங்க முடியாது" என்றான் யெல்லெ.

"அழிக்கவும் முடியாதே" என்றார் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பாரெண்ட். "நீ கம்பெனிப் பேரைத் தப்பா அச்சடிச்ச பெட்டியெல்லாம் இன்னும் என் கிடங்குலதான் கிடக்கு, தம்பி."

"அப்ப கம்ப்யூட்டர் தர்ற ஒரு ரகசியச் சாவி போதும். அது யார்கிட்ட இருக்கோ அவங்கதான் கம்பெனி."

"தொலைஞ்சா?"

"தொலைஞ்சா... கம்பெனி நாம இல்ல."

"நீ சைக்கிள் சாவியையே வாராவாரம் தேடற ஆளு" என்றாள் ஹில்லெகா.

ஓட்டுப் போட்டு முடித்துவிடலாமா என்று யெல்லெ கேட்டான். ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப்போல் இருவரும் பார்த்தார்கள். ஓட்டெடுத்தால் யாராவது தோற்க வேண்டிவரும். எல்லாரும் தலையாட்டும்வரை பேசுவதுதான் நெதர்லாந்து வழக்கம். பேசினார்கள். காபி வந்தது, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் வந்தது, டப்பா மூடப்பட்டது, மறுபடியும் பேசினார்கள். கடைசியில் எல்லாருக்கும் சமமாக எரிச்சல் வரும்படி ஒரு முடிவு எட்டினார்கள்: மூன்று வழியுமே.

முன்னாள் கணவனிடம் யெல்லெயே போய்க் கெஞ்சினான். அவன் நாயை மட்டும் விசாரித்துவிட்டுச் சம்மதித்தான். மூன்று அடையாளங்களோடும் விலை போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பதில்கள் வந்தன. நகராட்சியின் கம்ப்யூட்டர் அவர்களை மூன்று தனித்தனிக் கம்பெனிகளாகப் பதிந்திருந்தது.

"மோசடின்னு கறுப்புப் பட்டியல்ல போட்டுடுவாங்க" என்றார் பாரெண்ட், நிதானமாக.

யெல்லெ பதறிப்போய், 'மற்ற இரண்டும் தனிக் கம்பெனிகள் அல்ல' என்று முதல் அடையாளத்திலிருந்து எழுதினான். போட்டியாளர்கள் இருவர்மேல் அவன் கொடுத்த புகார் பதிவாகிவிட்டதாக உடனே பதில் வந்தது.

வேறு வழியில்லை. ஹில்லெகா முறைக்க, பாரெண்ட் பரிதாபமாகப் பார்க்க, நகராட்சிக்கே போன் போட்டான். கொள்முதல் பிரிவில் திருமதி ப்ரூன்ஸ் எடுத்தார்.

"மேடம், தப்பு என்னோடது. அந்த மூணு கம்பெனியும் வந்து..."

"பேரு எதுவும் சொல்லாதீங்க, தம்பி. பேரைப் பார்க்கக்கூடாது, அடையாளத்தை மட்டும்தான் பார்க்கணும்னு எங்க சட்டம்" என்று அவசரமாக மறித்தார் அவர். "மூணு கம்பெனியாவது போட்டி போடாம நாங்க ஆர்டர் கொடுக்க முடியாது. மூணு பேர் சேராமலே ரெண்டு வருஷமா எங்க ஊர்ப் பூங்காவுல ஒரு பூ கிடையாது; இந்தத் தடவையும் உங்களை விட்டா வேற நாதியே இல்ல. அதனால தயவுசெஞ்சு அந்தப் புகாரை வாபஸ் வாங்கிட்டு, மத்த ரெண்டு பேரோடயும் சமாதானமாப் போயிடுங்க."