துணைத் தலைவர் விற்றுவிட்டார்

ஒரு நிறுவனத்தின் பெரிய மனிதர்கள் தங்கள் நிறுவனப் பங்கைத் தாங்களே வாங்கினாலும் விற்றாலும் உலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். பெரிய மனிதர் என்றால் யார் என்பதில்தான் எங்கள் நிறுவனம் கோட்டைவிட்டது.

நான் அங்கே லிஃப்ட் இயக்குபவன். போன வருஷம் சம்பள உயர்வு கேட்டோம். நிர்வாகம் ஆழ்ந்து பரிசீலித்து, சம்பளத்துக்குப் பதிலாகப் பதவிகளை உயர்த்தியது. வாசல் காவலர் ‘துணைத் தலைவர் – நுழைவு விவகாரம்’ ஆனார். நான் ‘துணைத் தலைவர் – செங்குத்துப் போக்குவரத்து’. கூடவே கையில் கொஞ்சம் பங்குகளையும் திணித்தார்கள். லிஃப்ட் கண்ணாடியில் ஒருமுறை விறைப்பாக நின்று பார்த்துக்கொண்டேன். அதே மூஞ்சிதான். வீட்டில் மூச்சுவிடவில்லை. பதவி உயர்வு என்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பாளே என் மனைவி!

அவளுக்கு மணிக்கட்டு வலி. ஈரத் துணி பிழியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் நாங்கள், பிள்ளைகள், என் அப்பா என்று துணி மலையாகக் குவியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிழிவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. பங்குகளை விற்று ஒரு வாஷிங் மெஷின் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விதிமுறை அதிகாரியிடம் அனுமதி கேட்கப் போனேன். தும்முவதற்கும் விதி பார்க்கிறவர் அவர்.

“எதுக்கு விக்கிறீங்க?”

“துணி துவைக்க சார்.”

“அப்படியெல்லாம் போட முடியாதுங்க. ‘தனிப்பட்ட காரணம்’னு போட்டுடறேன்.”

போட்டார். வந்தது வினை.

இப்போது ஊரில் ஒரு புது மோகம். பெரிய மனிதர்கள் எதை வாங்குகிறார்கள், எதை விற்கிறார்கள் என்று வேவு பார்த்துச் சொல்லும் செயலி. காய்கறிக்காரர் போனில்கூட இருக்கிறது. அதில் பெயர் வராது, பதவிதான் வரும். ‘துணைத் தலைவர் தனிப்பட்ட காரணத்துக்காகத் தன் பங்குகள் அனைத்தையும் விற்றார்’ என்று அது அலறியது. அனைத்தும் சேர்ந்தால் ஒரு மெஷினுக்குத்தான் போதும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மதியத்துக்குள் டிவியில் நிபுணர்கள் கூடிவிட்டார்கள். “அந்தத் ‘தனிப்பட்ட’ங்கிற வார்த்தையைக் கவனிங்க” என்றார் கோட்டு போட்ட ஒருவர். எல்லோரும் கவனித்தார்கள். விலை இறங்க ஆரம்பித்தது.

நிதி இயக்குநர் லிஃப்ட்டில் ஏறினார். கதவு மூடியதும் குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையைச் சொல்லுங்க. இதுக்குள்ள யார் பேசினது காதுல விழுந்துச்சு?”

“ஒண்ணும் விழல சார். வாஷிங் மெஷினுக்காக வித்தேன்.”

“ஓஹோ! அந்தத் திட்டத்துக்கு அதுதான் ரகசியப் பேரா? எனக்கே சொல்லல பாருங்க!”

இறங்கினார், நேராகப் போய்த் தன் பங்குகளை விற்றார். அவர் விற்றதைப் பார்த்து விற்பனை இயக்குநர் விற்றார். இரண்டையும் செயலி அறிவிக்க, ஊரே விற்றது.

மறுநாள் நிர்வாக இயக்குநர், விதிமுறை அதிகாரியை இழுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் வந்தார்.

“யோவ், வித்ததைத் திரும்ப வாங்கித் தொலைய்யா!”

“முடியாது சார்” என்றார் அதிகாரி. “வித்தவர் ஆறு மாசத்துக்கு வாங்கக் கூடாது. விதி.”

“அப்போ இவரை வேலையை விட்டுத் தூக்கு.”

“தூக்கினா ‘துணைத் தலைவர் நீக்கம்’னு அறிவிக்கணும் சார். இருக்கிற விலையும் போயிடும்.”

“பதவியை மட்டும் பிடுங்கு.”

“அதையும் அறிவிக்கணும் சார்.”

நிர்வாக இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மேலும் கீழுமாகப் போய்வந்தது, யாரும் இறங்கவில்லை. கடைசியில் என்னை ‘மூத்த துணைத் தலைவர்’ ஆக்குவதென்று முடிவாயிற்று. விற்றவர் மீது நிர்வாகத்துக்கு முழு நம்பிக்கை உண்டு என்று உலகம் அறியட்டுமாம்.

“அப்போ சம்பளம் சார்?”

“அதை உயர்த்தினா அறிவிக்கணுமே!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் பதறினார்கள்.

பங்கு விற்ற பணத்தைக் கேட்டேன். விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருப்பதாக அதிகாரி மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். மூத்த துணைத் தலைவர் அல்லவா!

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். குழாயடியில் அவள் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“கை ரொம்ப வலிக்குதாம்மா?”

“கை கிடக்குது, வயிறுதாங்க எரியுது. வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சு, உங்க கம்பெனி பங்குதான் வாங்கி வெச்சிருந்தேன். விலை ஏறினதும் மெஷின் வாங்கி உங்களை அசத்தலாம்னு பார்த்தேன். நேத்து போன்ல, யாரோ துணைத் தலைவன் எல்லாத்தையும் வித்துட்டான்னு வந்துச்சு. பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேங்க. இப்போ மெஷினோட குழாய்கூட வராது.”

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

“அவன் நல்லா இருப்பானா? அவன் பொண்டாட்டி இந்நேரம் புதுசு புதுசா வாங்கிக் குவிச்சிருப்பா! அவனுக்குப் பதவி உயர்வு வேற குடுத்திருக்காங்களாம். அந்தப் படுபாவியை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். தினமும் லிஃப்ட்டுல பார்க்கிறவன்தான்.”

“நாளைக்குப் பார்த்தா நறுக்குனு நாலு வார்த்தை கேளுங்க.”

“கேக்கறேன்” என்று சொல்லி, போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தேன்.