தலையணையின் அண்ணன்

புனே ஓவியர்களிலேயே தூங்குவதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். நாங்கள் அவனைத் தலையணை என்று கூப்பிட்டோம். மற்றவர்கள் தூரிகைப் பெட்டியோடு வருவார்கள். அவன் பூப்போட்ட உறை மாட்டிய தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹடப்சரிலிருந்து கேம்ப்புக்கு பஸ் ஏறுவான். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார் என்று கதை கட்டினார்கள். அது சரியல்ல. கண்டக்டர் கேட்டது, கொஞ்ச நேரம் அதில் சாய்ந்துகொள்ளலாமா என்றுதான்.

கனவில் கண்டதை வரைவான். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கனவில் நடந்ததற்கு மறுநாள் விசாரணை வைப்பான்.

"நேத்து என் குடையை வாங்கிகினு போனியே, எங்க?"

"நான் எப்படா வாங்கினேன்?"

"கனவுல. ஈரானி ஹோட்டல் வாசல்ல, சிரிச்சுகினே வாங்கின."

வெளியே நல்ல மழை. என் குடையைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தான். "இது இல்லப்பா. என்னுதுல கம்பி வளைஞ்சிருக்கும்."

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஐவருக்கும் முதல் கண்காட்சி. ஆளுக்கு ஒரு நிஜம், ஒரு கனவு. இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நிஜத்துக்குத் தலையணை தன் அப்பாவை வரைந்தான்: காக்கிச் சட்டையில், வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு சைக்கிளில் போகிறார். கனவுக்கு வரைந்தது அண்ணன் சேகரை.

சேகர் பத்தாவது படிக்கும்போது கால்வாயில் குளிக்கப் போய்த் திரும்பாதவன். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். ஆனால் தலையணையின் கனவில் சேகர் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டிருந்தான். மீசை முளைத்ததும் தம்பியிடம்தான் முதலில் காட்டினானாம். இந்தச் செய்திகளை வீட்டில் சொல்ல வழியில்லாமல் தலையணை தவித்தான்.

"நைனா வந்து ஒரு வாட்டி பாத்தா போதும். வேற யாரும் வர வேணாம்" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உடனே பலித்தது. வேறு யாரும் வரவில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டதால், சர்ச் கூடத்தின் நாற்காலிகளில் படங்களை உட்கார வைத்திருந்தோம். வழி தவறி வந்த ஒரு பெரியவர் என் கனவைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் இளைப்பாறிப் போனார்.

கடைசி நாள் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நைனா வந்தார். முதலில் தன் படத்தைப் பார்த்தார். "சைக்கிளுக்கு செயின் கார்டு போடலியே" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, முன்நெற்றி ஏறிய ஓர் ஆள் அதில் இருந்தான். நைனா காலி நாற்காலி ஒன்றை இழுத்து, அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தலையணை தூணோரம் ஒடுங்கி நின்றான்.

"கண்ணாடி போட்டுகினு இருக்கான்?"

"ரெண்டு வருஷமா, நைனா."

"நம்ம வீட்ல யாருக்கும் கெடையாதே."

"ராப்பகலா படிக்கிறான்."

"முன்னாடி முடி கொட்டிடுச்சு. தண்ணி ஒத்துக்கல போல."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகு அவர் மடியிலிருந்த டிபன் டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"கல்யாணம் ஆச்சா?"

ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். கனவு விஷயத்தில் மட்டும் தலையணைக்குப் பொய் வராது.

"தெரியல நைனா. அதுக்குள்ள முழிப்பு வந்துடுது."

"சேகரைக் கேட்டு சொல்லு" என்றார் நைனா.

அதன் பிறகு தலையணை எங்கள் நடுவே எப்போது கண்ணயர்ந்தாலும், நான் பேச்சை நிறுத்திவிட்டு, ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைப்பேன்.